படம் எடுக்க அஞ்சு நிமிஷம், பணம் கட்ட அரை மணி நேரம்

பாளையங்கோட்டையில் பெர்ஃபியூஷன் சிடி, அதாவது மூளையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன், எடுப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த எனக்கு அருவி, அல்வா, கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் படுத்த மாமாவுக்கு விடிகாலையில் வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. பித்தமாக இருக்கும் என்று அத்தை சுக்குத் தண்ணி வைக்கப் போக, நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து காரை விரட்டினேன். சாதா சிடியில் ரத்தக்கசிவு இல்லை. பக்கவாதம்தான், மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. ஆனால் அது எப்போது வந்ததென்று தெரியாததால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அதனால்தான் டாக்டர் பெர்ஃபியூஷன் கேட்டார். சாய மருந்து ஏற்றி, மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு தாமதமாகப் போகிறது என்று பார்ப்பது. வழக்கமான ரத்த ஓட்டத்தில் 30 சதவீதம்கூட இல்லாத இடம் அநேகமாகச் செத்துவிட்டது. 6 நொடிக்கு மேல் தாமதமாகி, ஆனால் அந்த அளவுக்கு வற்றாத இடத்தை இன்னும் மீட்கலாம். 2018-ல் வெளியான டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகளுக்கு அப்புறம், படம் சாதகமாக இருந்தால் 24 மணி நேரம் வரைகூடத் தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள்.

எல்லாம் சரி, கவுண்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரசீது வந்தாத்தான் சாய மருந்து போடுவாங்க சார்." என் பர்மிங்காம் கார்டு ஓடவில்லை, ஓடிபி அந்த ஊர் சிம்முக்குப் போகிறது, சிம்முக்கு இங்கே டவர் இல்லை. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று கணக்கு போட்டிருக்கிறார்கள், நான் ஓடிபிக்கு நிற்கிறேன்! இங்கிலாந்து எமர்ஜென்சியில் மணிக்கணக்காக உட்கார்ந்து திட்டியிருக்கிறேன், ஆனால் சாயத்துக்குக் காசு எங்கே என்று அங்கே யாரும் மறித்ததில்லை.

கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு அண்ணாச்சி, "நீங்க மேல போங்க தம்பி, கணக்கை அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று தன் போனிலிருந்து ஜிபே பண்ணிவிட்டார். பர்மிங்காமில் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது.

படத்தில் செத்த பகுதி சின்னது, தவிக்கிற பகுதி பெரிசு. உடனே குழாய் விட்டுக் கட்டியை எடுக்கக் கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள். மாமா இப்போது டம்ளரை வலது கையால் பிடிக்கிறார், பேச்சு மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. "கவுண்டர்ல இருக்கவன் சம்பளக்காரன்டே, அவன ஏசி என்ன செய்ய" என்கிறார். அவனை யார் ஏசினார்கள்? அந்த விதியை எழுதின மேனேஜரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.