பாவசங்கீர்த்தன மடிப்பட்டை: வாங்கலாமா?

தவக்காலம் வந்தால் திருகோணமலையில் கத்தோலிக்கக் கோவில் வாசல் மேசைகளில் ஜெபமாலைகளுக்குப் பக்கத்தில், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வழிகாட்டும் இந்த மடிப்பு அட்டையும் இருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும். பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் கடற்காற்றின் ஈரம் ஏறாது. எழுத்துத்தான் பொடி, மங்கல் வெளிச்சத்தில் முதியவர்கள் சிரமப்படுவார்கள்.

ஆன்மசோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் சொல்வது), அபராதம் (குரு தரும் பரிகாரத்தைச் செய்வது) என்ற ஐந்தும் சரியான ஒழுங்கில் இருக்கின்றன. பத்துக் கட்டளைகளையும் கேள்விகளாக மாற்றிய விதம் அருமை. களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையில் "மீன் நிறுக்கும்போது தராசில் கை வைத்தேனா? மற்றவன் வலையை அறுத்தேனா?" என்று கேட்கிறது. இங்குள்ளவர்களுக்கு உறைக்கும் கேள்விகள்.

குறை வேறிடத்தில். சாவான பாவத்தை, அதாவது கனமான பாவத்தை, வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 988. அட்டையோ "பாவங்களைச் சொல்லவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் பலர் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழும்புகிறார்கள். சரியான எண்ணிக்கை நினைவில்லாவிட்டால் "கிழமைக்கு இரண்டு மூன்று தரம்" என்றாலும் போதும். உண்மையிலேயே மறந்த பாவமும் மன்னிக்கப்படுகிறது. நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும். வேண்டுமென்று மறைத்தால் பாவசங்கீர்த்தனமே செல்லாது. பயந்து வருகிறவருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும், அட்டையில் ஒரு வரிகூட இல்லை.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் விடுபட்டிருக்கிறது. மன்னிப்பு கிடைத்தாலும் அந்தக் கடன் நிற்கும்.

பின்பக்கத்து உத்தம மனஸ்தாப மந்திரம் முழுமையாக இருக்கிறது. அதற்காகவே வாங்கலாம், எண்ணிக்கை விடயத்தைப் பேனையால் ஓரத்தில் எழுதி வையுங்கள்.