கால் நரம்பு வலிக்கு 30 அமர்வு பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்ற ஆடி மாதத்தில், வில்லிவாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டாவது மாடிக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிச் சென்றபோது இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் வலி இடுப்பை விட்டுவிட்டு, வலது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியே பாதத்தின் மேற்பகுதி வரை சுண்டி இழுத்தது. இருமினால் மின்சாரம் பாய்ந்ததைப் போலிருந்தது. அந்த வேதனையில், கைப்பேசியில் வந்த விளம்பரம் ஒன்றை நம்பி, அண்ணா நகர்ப் பக்கம் உள்ள ஒரு முதுகுத்தண்டுச் சிகிச்சை மையத்திடம் 84,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் அந்த மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

அங்கே என்னைப் பார்த்தவர் மருத்துவர் அல்லர். 'ஆலோசகர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்ட இளைஞர். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, முதுகுத்தண்டின் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருப்பதைப் பேனாவால் தொட்டுக் காட்டி, "இப்படியே விட்டா மூணே மாசத்துல சக்கர நாற்காலிதான் சார், இல்லேன்னா ஆபரேஷன்" என்றார். அறைக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் காலை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. முதுகுத்தண்டை இழுத்துப் பிடிக்கும் இழுவை மேசையில் 30 அமர்வுகள் என்றும், தவணைக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள் என்றும் சொல்லி ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். நான் விரலால் போட்ட கையெழுத்து ஒரு நிதி நிறுவனத்திடம் வாங்கிய கடனுக்கானது என்பது, மாலையில் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிதுங்கிய ஜவ்வைக் காட்டிப் பயமுறுத்துவது எளிது. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் அத்தகைய பிதுக்கம் காணப்பட்டது. இழுவைச் சிகிச்சையைப் பொறுத்தவரை, இடுப்புவலிக்கோ அதனுடன் வரும் கால் நரம்பு வலிக்கோ அதை அளிக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2016லேயே வழிகாட்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் நான் படித்தது பணம் போன பிறகு.

ஒன்பதாவது அமர்வுக்குப் பின் வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தபோது வலது கால் ரப்பர் செருப்பு நாலடி பின்னால் கிடந்தது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பெருவிரலை மேலே தூக்க முயன்றேன். இடது விரல் எழுந்த உயரத்தில் பாதிதான் அது எழுந்தது. மறுநாள் மையத்தில் சொன்னபோது, "நரம்பு முழிச்சிக்குது சார், நல்ல அறிகுறி" என்றார்கள். வலியை மட்டுமே கேட்டுக் குறித்துக்கொண்டவர்களுக்குக் கால் வலுவிழப்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதன் மேல்தான், பணத்தின் மேல் அல்ல.

அன்றே சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்குச் சென்றேன். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றது உண்மைதான். ஆனால் அங்கிருந்த மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கி, எந்த உயரத்தில் வலிக்கிறது என்று பார்த்தார். "குதிகாலால நடந்து காட்டுங்க" என்றார். சிறுநீர் தடையில்லாமல் பிரிகிறதா, ஆசனவாயைச் சுற்றி மரத்திருக்கிறதா என்று கேட்டார். அப்படி மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும் என்றும், அந்த நிலையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். என் கால் சிறிதளவே வலுவிழந்திருந்ததால் வாரந்தோறும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவர் விளக்கியபடி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு உடலிலேயே தடிமனானது. அதன் வேர் ஒன்றை ஜவ்வு அழுத்துவதும், அங்கே ஏற்படும் அழற்சியும்தான் வலிக்குக் காரணம். பிதுங்கிய பகுதியைப் பல நேரங்களில் உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்வதால், பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே நாள்கணக்கில் படுத்துக் கிடக்காமல் தாங்கும் அளவுக்கு நடக்கச் சொன்னார். சில நாள்களுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அங்கேயே இயன்முறை சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்த மூன்று பயிற்சிகளைப் பாயில் படுத்துச் செய்தேன். வலி பொறுக்க முடியாமல் போனால் தண்டுவடத்தருகே ஸ்டீராய்டு ஊசி போடலாம், ஆனால் அதன் பலன் பெரும்பாலும் சில காலத்துக்குத்தான் என்றார். அதற்குத் தேவை வரவில்லை. பதினோராவது வாரத்தில் பெருவிரல் பழையபடி எழுந்தது. மருந்துக்கும் பயிற்சிக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

மீதி 21 அமர்வுகளுக்கான பணத்தைக் கேட்டபோது, பொடி எழுத்து ஆங்கிலத்தில் 'திருப்பித் தரப்படாது' என்றிருந்த வரியைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தும் பலனில்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீதையும், நீங்கள் விரலால் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலைப் பெற நான் நான்கு முறை நடந்தேன். தவணைத் தொகை இன்னமும் மாதந்தோறும் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.