எட்டு டிஸ்க் நாஸ் பெட்டியும் இரண்டு பொள்ளாச்சிகளும்

ஈரோட்டில் புதிதாக எடிட்டிங் அறை தொடங்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, உங்களிடம் இருக்கும் அதே நாஸ் பெட்டி இப்போது விலை இறங்கியிருக்கிறது. வாங்கிவிடலாமா?” கோவையில் நாங்கள் நான்கு பேர் கல்யாண வீடியோக்களும் உள்ளூர்க் கடை விளம்பரங்களும் எடிட் செய்கிறோம். இரண்டு மேக், இரண்டு விண்டோஸ், நடுவே இவை எல்லாம் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சேமிப்பாக இந்தப் பெட்டி. 12 டெராபைட் டிஸ்க்குகள் எட்டு, அவற்றை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 6 முறை, பத்து கிகாபிட் ஸ்விட்ச். போன வாரம்தான் ஒரு டிஸ்க்கை மாற்றினோம். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4கே, நொடிக்கு 25 பிரேம், புரோரெஸ் 422 எச்.க்யூ. என்ற வீடியோ வடிவம் என்றால் ஒரே ஒரு கேமராவின் காட்சி ஓடவே நொடிக்கு சுமார் 92 மெகாபைட் வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பு நடைமுறையில் தருவது 110 மெகாபைட் அளவுதான். முகூர்த்தத்தை மூன்று கேமராக்களில் எடுத்து ஒரே டைம்லைனில் வெட்டுகிறவருக்கு அது எந்த மூலைக்கு? பத்து கிகாபிட் வந்த பிறகு ஒருவர் மூல ஃபுட்டேஜிலும் மற்றவர்கள் புராக்ஸி என்ற சிறிய நகல்களிலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறோம். எங்கும் திக்குவதில்லை.

டிஸ்க் போனபோதும் பெட்டி அசரவில்லை. ரெய்டு 6 என்பதால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். புதிய டிஸ்க்கைச் செருகினோம், அது தானாகவே நிரப்பத் தொடங்கியது. நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலே 12 டெராபைட்டுக்குப் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடிட்டர்கள் வேலையை நிறுத்தாமல் இருந்ததால் இன்னும் நீண்டது. அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க்கும் போய்விடுமோ என்ற பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் ரெய்டு 5 போதும் என்று விலைப்பட்டியல் நீட்டும் கடைக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதிக்கு நான் நன்றியே சொல்ல வேண்டும். மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வரவேற்பு வீடியோவின் ஃபோல்டர் ஒருநாள் இரவு அழிந்துபோனது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து, தேநீர் ஆறுவதற்குள் அது திரும்பி வந்தது.

ஆனால் ரெய்டும் ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் ஆகாது. பெட்டி எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதியைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டோம். என் வீட்டில் ஒரு பழைய நாஸ் இருக்கிறது. அது இரவில் அலுவலகப் பெட்டிக்குள் வந்து புதியவற்றை எடுத்துப்போகும். அலுவலகப் பெட்டிக்கு வீட்டுப் பெட்டியின் கடவுச்சொல் தெரியாது. 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. அப்படி ஒன்று அலுவலகத்தில் நுழைந்தாலும் வீட்டுப் பிரதி பிழைக்க வேண்டும். முடிந்த கல்யாணங்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏறி பீரோவுக்குப் போய்விடும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் ஃபோல்டர்களுக்குத் தமிழில்தான் பெயர் வைப்போம். கல்யாணப் பத்திரிகை தமிழில் வருகிறது, அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறோம். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்தக் குடும்பம் வந்து கேட்டால் எந்த எழுத்தைப் போட்டுத் தேடுவது? தமிழில் அந்தக் குழப்பமே இல்லை.

இல்லை என்றுதான் இருந்தோம். ஒருநாள் ‘பொள்ளாச்சி நிச்சயதார்த்தம்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒன்றில் ஃபுட்டேஜ் இருந்தது, மற்றதில் பிராஜெக்ட். மேக்கில் ஒன்று திறக்கும்; மற்றது பெயரைக் காட்டும், தொட்டால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். டைம்லைனில் பாதி காட்சிகள் கோப்பு கிடைக்காமல் சிவப்பாகிவிட்டன. தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். வீட்டுப் பேக்கப்பிலும் அதே இரட்டை. திருப்பூருக்கு இது நடக்கவே இல்லை. பொள்ளாச்சி, கோவை, கௌசல்யா, இவற்றுக்குத்தான்.

காரணம், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறியீடு தரும் யூனிகோடில் இருக்கிறது. ‘பொ’ என்பதன் உயிர்மெய்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. மேக்கின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் வடிவில் இருக்கும் டிஸ்க் பெயரைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸ் விசைப்பலகையில் வருவது சேர்ந்த வடிவம். மண்டபத்தில் கார்டுகளை மேக் வழியாக அத்தகைய டிஸ்க்கில் நகலெடுத்து, அதை நாஸின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் பிரிந்த பெயர் அப்படியே உள்ளே போய்விடும். நாஸுக்கு அவை வெவ்வேறு பைட்டுகள், ஆகவே வெவ்வேறு ஃபோல்டர்கள்.

இதைத் தயாரிப்பாளருக்குப் படங்களோடு விளக்கி எழுதினேன். பதில் இரண்டே வரி: கோப்புப் பெயர்களை ஆங்கிலத்தில் வையுங்கள், பிரச்சினை தீரும். தமிழ் உட்பட யூனிகோட் பெயர்கள் செல்லும் என்று விளம்பரத்தில் எழுதிப் பணம் வாங்கியவர்களின் பதில் இது. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலில் பெயரின் வடிவத்தை மாற்றிக்கொண்டே நகலெடுக்கும் வசதி பல காலமாக இருக்கிறது. கன்வ்எம்வி என்ற இலவச நிரல் ஒரே கட்டளையில் பிரிந்த பெயர்களை எல்லாம் சேர்த்துவிடும். இப்போது எங்கள் வண்டி அதில்தான் ஓடுகிறது. இவ்வளவு எளிய வேலையை அந்தப் பெட்டியின் நகல் கருவிக்குள் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மேக்குக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பொதுச் சேமிப்பு என்று விற்கிறவர்கள்தானே எல்லாக் கணினிகளுக்கும் நடுவில் நிற்கிறார்கள்?

ஆகவே தம்பி, வேகம் உண்டு, உழைப்பு உண்டு, ஸ்னாப்ஷாட் தங்கம், விலையும் இறங்கியிருக்கிறது, வாங்க வேண்டாம். நம் எழுத்தைக் கைவிடச் சொல்லும் நிறுவனத்துக்கு நான் இன்னொரு முறை பணம் தரமாட்டேன், நீங்களும் தர வேண்டாம். இசட்.எஃப்.எஸ். கோப்பு அமைப்பில் இயங்கும் பெட்டிகளைப் பாருங்கள். பெயர்களை ஒரே வடிவமாக்கி ஒப்பிடும் அமைப்பு அதிலேயே உண்டு. ஆனால் சேமிப்பை உருவாக்கும்போதே அதை இயக்கிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. எதை வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் மேக்கில் எச்.எஃப்.எஸ். பிளஸ் வடிவில் தயாரித்த ஒரு டிஸ்க்கில் ‘கொடுமுடி’ என்று ஒரு ஃபோல்டர் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதைப் பெட்டியில் செருகி நகலெடுத்து, விண்டோஸ் கணினியில் அதே பெயரைத் தட்டித் தேடச் சொல்லுங்கள். அகப்பட்டால் பில் போடச் சொல்லலாம்.