மௌல்மீன் மழையும் கைப்பிடி ரப்பரும்: நானே மாற்றி ஓட்டிய அனுபவம்

என் ஹோண்டா வேவ் 125 பைக்குக்குக் கைப்பிடி ரப்பரை, அதாவது கிரிப்பை, நானே கழற்றி மாற்றினேன். போன மழைக்காலத்தையும் அதற்கு முந்தையதையும் அதோடுதான் ஓட்டினேன். புதுக் கிரிப் போட்ட முதல் வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ரப்பர் எப்படி, ஒட்டியது எப்படி என்பதெல்லாம் மியான்மரின் மௌல்மீனில் ஆடி, ஆவணி மழையைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிற ஊர் இது.

ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாது. எங்களுக்கு வேலை, சந்தை, கோயில், கல்யாணம் எல்லாமே பைக்கில்தான். அக்கரையில் இருக்கும் மொட்டமாவுக்குப் போகும் சல்வின் ஆற்றுப் பாலம் மட்டுமே மூன்றரை கிலோமீட்டர் நீளம். ஆற்றுக்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது வண்டியை நேராக வைத்திருப்பது கை ஒன்றுதான். அப்படி ஒரு மழை நாளில் வலது கைப்பிடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் திருக்குகிறேன், ரப்பர் மட்டும் திரும்புகிறது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் அசையவே இல்லை. பின்னால் லாரி வரும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தும் வேகம் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிரிப்பைப் போட்டுக் கொடுத்தது ஒரு கடை. சோப்புத் தண்ணீர் தடவி ஒரே தள்ளில் ஏற்றிவிட்டார்கள், பசை எதுவும் இல்லை. ஈரம் உள்ளே போனதும் அந்தச் சோப்பு மறுபடியும் வழுக்கத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

பழையதைக் கழற்றுவது சுலபம். முதலில் ஹேண்டில்பார் முனையில் இருக்கும் பார் எண்ட் எடையைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும். இடது ரப்பரை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுக்கலாம், உள்ளே இரும்புதான். வலது பக்கம் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே ரப்பருக்குக் கீழே இருப்பது ஆக்சிலேட்டர் குழாய், அது பிளாஸ்டிக். பிளேடு அதில் ஆழமாக இறங்கினால் குழாயையும் மாற்ற வேண்டிவரும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து, இடைவெளியில் ஸ்பிரிட் விட்டு, சுற்றிச் சுற்றித் தளர்த்தி இழுப்பதே நல்லது.

இரண்டு கிரிப்பும் ஒரே அளவு இல்லை. ஹேண்டில்பாரின் விட்டம் 22 மில்லிமீட்டர். வலது பக்கம் அதன் மேல் குழாயும் உட்காருவதால் அந்த ரப்பரின் துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும். மாற்றி இடது பக்கம் போட்டால் எந்தப் பசையும் அதைப் பிடித்து வைக்காது.

இனி முக்கியமான இடம். இடது ரப்பரை உரித்ததும் உள்ளே பாருங்கள். என் வண்டியில் கம்பி முழுக்கத் துரு. முனை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருந்திருக்கிறது. துருவின் மேல் பசை தடவினால் அது துருவோடுதான் ஒட்டும், கம்பியோடு ஒட்டாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இங்கே எதுவும் சீக்கிரம் காயாது. அவசரப்பட்டால் பணமும் வேலையும் வீண்.

பசை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சூப்பர் குளூ வேண்டாம். அது காற்றின் ஈரத்தை வைத்துத்தான் இறுகுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் கிரிப் பாதி ஏறும்போதே பிடித்துக்கொண்டுவிடும், பிறகு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ஹேர் ஸ்ப்ரே அடித்து ஏற்றுவார்கள், உலர்ந்ததும் பிடிக்கத்தான் செய்யும். வெயில் ஊருக்கு அது போதும், தொடர்ந்து நனைகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். ரப்பருக்கான பசையை வாங்குங்கள். ஹோண்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் இருக்கும் முறையைத்தான் நான் பின்பற்றினேன்: ரப்பரின் உள்ளேயும் கம்பியின் மேலும் பசை தடவி, 3 முதல் 5 நிமிடம் பொறுத்து, கிரிப்பை ஏற்றி, எங்கும் சமமாகப் பரவும்படி சுற்றிவிட்டு, ஒரு மணி நேரம் காயவிடுவது. நான் ராத்திரி முழுக்கவே விட்டேன்.

ஏற்றும்போது வலது ரப்பரின் உள்விளிம்பு ஆக்சிலேட்டர் பெட்டியில் உரசக் கூடாது, ஒரு நூல் இடைவெளி வேண்டும். முனையில் பார் எண்ட் எடையோடும் உரசக் கூடாது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் ஆக்சிலேட்டரைத் திருக்கி விட்டுப் பாருங்கள். அது தானாகச் சட்டென்று திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம் கேபிளில் இருக்கும் தளர்வையும் பார்த்துவிடுங்கள், கையேட்டில் பொதுவாக 2 முதல் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும்.

சரி, எந்த ரப்பர்? பஞ்சு கிரிப் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது, மழை விட்ட பிறகும் கை ஈரமாகவே இருக்கும். அழுத்தினால் அமுங்கும் ஜெல் வகை தொடக்கத்தில் மணிக்கட்டுக்குச் சுகமாக இருந்தது. வெயிலில் நின்று நின்று பிசுபிசுக்க ஆரம்பித்து, உள்ளங்கையில் கறுப்பு ஒட்டியது. இப்போது இருப்பது அலங்காரம் இல்லாத, ஒரே ரப்பரில் வார்த்த, சின்னக் கட்டம் போட்ட கிரிப். விலையும் குறைவு. நீண்ட நேரம் ஓட்டினால் அதிர்வு கொஞ்சம் தெரிகிறது, அது உண்மை. ஆனால் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவான திங்யான் நாட்களில் தெருவுக்குத் தெரு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்களே, அப்போதும் கை வழுக்கவில்லை. கட்டங்கள் வலது கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் இன்றுவரை ஒரு துளி அசைவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி கிரீஸ் படிந்த கிரிப்பைப் பெட்ரோல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "வேண்டாம்பா, ரப்பர் ஊதிப்போயிடும்" என்றேன். "எல்லாரும் இப்படித்தாண்ணே தொடைக்கிறாங்க" என்றான். முடோன், தன்பியூசயா பக்கம் தோட்டங்களில் பால் வடித்து எடுக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பருக்குப் பெட்ரோல் ஆகவே ஆகாது. உறிஞ்சி உப்பி, இளகி, கடைசியில் கம்பியிலிருந்தே கழன்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும், வெளிப்புறத்தை மட்டும் கழுவித் துடைத்தால் சரி. மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்து முறுக்கிப் பார்க்கிறேன். கொஞ்சம் நகர்ந்தாலும் அன்றே கழற்றித் திரும்ப ஒட்டிவிடுவேன்.