குழந்தைக்கு வேர்க்கடலை: தள்ளிப்போடுவதா, முன்னதாகவே தொடங்குவதா?

ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலையும் மற்ற கொட்டைகளும் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2000-இல் சொன்ன அறிவுரை, சான்று போதாது என்று 2008-இலேயே கைவிடப்பட்டது. ஆனாலும் தள்ளிப்போடுவதே பத்திரம் என்ற எண்ணம் பெற்றோரை இன்னும் விடவில்லை. இரண்டு வழிகளில் ஆபத்து அதிகமுள்ளது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

2015-இல் வெளியான லண்டன் லீப் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள், பதினொரு மாதம் ஆவதற்குள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். வேர்க்கடலைச் சாற்றைத் தோலில் லேசாகக் குத்தித் தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் தொடக்கத் தோல் சோதனையில் எதிர்வினை காட்டாதவர்களுள் ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தவர்கள், அதைத் தவிர்த்த பிரிவில் 13.7 சதவீதம், தொடர்ந்து உண்ட பிரிவில் 1.9 சதவீதம். லேசான எதிர்வினை காட்டியவர்களிடையே அது 35.3 சதவீதமும் 10.6 சதவீதமுமாக இருந்தது. கரப்பானால் வெடித்த தோல் வழியே வேர்க்கடலைப் புரதம் முதலில் நுழைந்தால் உடல் அதைப் பகையாகக் கருதுகிறது, வாய்வழியே முந்திக்கொண்டால் உணவாக ஏற்கப் பழகுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். முந்திரி, பாதாம் போன்றவற்றுக்கு இவ்வளவு வலுவான சான்று இல்லை. அதற்காக அவற்றைத் தள்ளிப்போடவும் காரணமில்லை.

சோதித்த பிறகு தருவதா, நேராக வீட்டிலேயே தருவதா என்பது குழந்தையைப் பொறுத்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மருத்துவரிடம் காட்டி, சோதனை குறித்து முடிவெடுத்த பிறகே தொடங்க வேண்டும். தோல் சோதனையில் தடிப்பு 4 மில்லிமீட்டரைத் தாண்டிய குழந்தைகள் லீப் ஆய்வில்கூடச் சேர்க்கப்படவில்லை. மற்ற குழந்தைகளுக்குச் சோதனை தேவையில்லை. சோதனையில் எதிர்வினை காட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை என்பதால், முடிவைப் பார்த்து அஞ்சி, ஒத்துக்கொள்ளக்கூடிய உணவையே பெற்றோர் நிறுத்திவிடுவதுண்டு.

முழுக் கொட்டை மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஐந்து வயதுவரை அதைத் தரவே கூடாது. கெட்டியான வேர்க்கடலை வெண்ணெயும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், எனவே தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ நன்கு கரைத்தே தர வேண்டும். நைசாக அரைத்த மாவைக் கூழில் கலப்பது அதைவிட எளிது. பல கொட்டைகள் சேர்ந்த பொடி வசதியானதுதான், ஆனால் உடலில் தடிப்பு வந்தால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே குழந்தை நலமாக இருக்கும் ஒரு பகலில், ஒரே கொட்டையைக் கரண்டி நுனியளவு கொடுத்து, இரண்டு மணிநேரம் அருகிலேயே இருந்து கவனியுங்கள். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வந்தால் மேற்கொண்டு தராமல் மருத்துவரை அணுகுங்கள். மூச்சு இரைத்தாலோ குழந்தை துவண்டாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஒத்துக்கொண்டுவிட்டது என்று அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. லீப் ஆய்வில் பலன் கண்ட குழந்தைகளின் இலக்கு, வாரத்துக்கு மூன்று வேளையாவது, மொத்தம் 6 கிராம் வேர்க்கடலைப் புரதம், அதுவும் ஐந்து வயதுவரை.