பூங்காவுக்கு ஒரு பணம், மூத்தோர் வீட்டுக்கு வேறு பணம்: அமெரிக்க நகரங்களின் நிதி வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்க நகர மன்றங்களின் பட்ஜெட் மேசையில் பூங்காவும் மூத்தோருக்கான மலிவு வாடகைக் குடியிருப்பும் பெரும்பாலும் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரண்டுக்கும் நிலம் வேண்டும், இரண்டுமே லாபம் தராது. ஆனால் கணக்கு வழக்கில் இவை வேறு வேறு ரகம். பூங்காவுக்கு வரவு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை, செலவோ நாள்தோறும். குடியிருப்புக்கு மாத வாடகை வரும். அன்றாடச் செலவை அது தாங்கும், கட்டடம் எழுப்ப வாங்கிய கடனை அடைக்கப் போதாது. அதனால் ஒன்றுக்குப் பொருந்தும் வழி இன்னொன்றைக் கவிழ்த்துவிடும். எந்த வழியை எடைபோட்டாலும் கேட்க வேண்டியது இதுதான்: திறப்பு விழா முடிந்து பத்து வருடம் கழித்து இந்தப் பணம் எங்கே இருக்கும்?

கடன் பத்திரமா, ஆண்டு வரியா

நகரம் தன் சொத்து வரி வருவாயை ஈடாகக் காட்டி வெளியிடும் பொதுக் கடன் பத்திரத்துக்குப் பல மாநிலங்களில் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். கலிஃபோர்னியாவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. வீட்டுவசதிக்கும் உள்கட்டமைப்புக்குமான பத்திரங்களுக்கு அதை 55 சதவீதமாகக் குறைக்க 2024 நவம்பரில் வந்த ஐந்தாம் முன்மொழிவை அந்த மாநில மக்களே தோற்கடித்தார்கள்.

பத்திரத்தின் பலம், பணம் மொத்தமாகக் கைக்கு வருவது. நிலம் விலையேறும் முன் வாங்கிவிடலாம். பலவீனம், அது பொருளை வாங்குமே தவிர ஆளை வைக்காது. ஊஞ்சலும் கழிவறைக் கட்டடமும் வரும், கழிவறையைக் கழுவுபவரின் சம்பளம் வராது. இன்னொரு கண்ணி: வட்டிக்கு வரிவிலக்கு வேண்டுமானால், திரட்டும் தொகையில் 85 சதவீதத்தையாவது மூன்று ஆண்டுக்குள் செலவழிப்போம் என்ற நியாயமான எதிர்பார்ப்பு வெளியீட்டின்போதே இருக்க வேண்டும். வரைபடம் இல்லாமல், மண் பரிசோதனை இல்லாமல் பத்திரத்தை விற்றுவிட்டு விழிக்கும் நகரங்கள் மாட்டுவது இங்கேதான்.

குடியிருப்புக்கு இதைவிடப் பெரிய சிக்கல். வரிவிலக்குப் பெற்ற அரசுப் பத்திரத்தில் தனியார் பயன்பாடு பொதுவாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூங்காவில் இந்தக் கணக்கில் வருவது மிஞ்சிப்போனால் ஓர் உணவகக் குத்தகை. மலிவு வாடகைக் கட்டடமோ பெரும்பாலும் ஒரு தனியார் கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். ஆகவே வட்டிக்கு வரி உள்ள பத்திரம், கூடுதல் வட்டி. ஓரிகனில் பத்திரப் பணத்தில் எழும் கட்டடம் அரசின் உடைமையாகவே இருக்க வேண்டும் என்று மாநில அரசியல் சட்டமே கட்டாயப்படுத்தியது. போர்ட்லண்ட் வாக்காளர்கள் 2016-இல் 25.84 கோடி டாலர் வீட்டுப் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தும், பிற நிதிகளோடு அதைச் சேர்க்க முடியாமல் கை கட்டப்பட்டிருந்தது. 2018-இல் மாநில வாக்கெடுப்பில் 102-ஆம் நடவடிக்கை வென்ற பிறகே அந்தக் கட்டு தளர்ந்தது.

ஆண்டு வரிக்குச் சியாட்டிலைப் பார்க்கலாம். அந்நகர வாக்காளர்கள் 1981-இல் முதலில் ஒப்புக்கொண்டதே மூத்தோர் குடியிருப்புக்கான பத்திரம்தான். பிறகு காலவரையுள்ள வீட்டுவசதி வரிகளாக அது தொடர்ந்தது. 2023-இல் ஏழு ஆண்டுக்கு 97 கோடி டாலர். பூங்காவுக்கும் முன்பு இதே பாணியில் 2000-இலும் 2008-இலும் வரி கேட்டார்கள். ஒவ்வொரு வரியும் முடியும்போது பராமரிப்பு அந்தரத்தில் தொங்கும். 2014 ஆகஸ்டில் தனிப் பூங்கா மாவட்டம் அமைக்க மக்கள் வாக்களித்தார்கள். மதிப்பிட்ட சொத்தில் ஆயிரம் டாலருக்கு 75 சென்ட் அதன் உச்சவரம்பு; 8 லட்சம் டாலர் வீட்டுக்கு மிஞ்சிப்போனால் ஆண்டுக்கு 600 டாலர். இதற்கு முடிவுத் தேதி இல்லை.

இந்தப் பிரிவினை சரி என்பதே எங்கள் கணிப்பு. காலாவதியாகும் வரி குடியிருப்புக்குப் பரவாயில்லை. கட்டும்போது பெருந்தொகை வேண்டும், பிறகு வாடகை ஓட்டிக்கொள்ளும். பூங்காவை அப்படி விட்டால் புல் முளைக்கும், வெட்ட ஆள் இருக்காது.

கட்டுநர் கட்டணமும் வரி உயர்வுப் பிடிப்பும்

புதிதாக வீடு கட்டுபவரிடம் பூங்காவுக்கு நிலமோ பணமோ வாங்குவது ஒரு வழி. கலிஃபோர்னியாவின் குவிம்பி சட்டத்தில் அடிப்படை அளவு ஆயிரம் பேருக்கு 3 ஏக்கர். ஏற்கெனவே உள்ள பூங்கா பரப்பு அதிகமாயிருந்தால் 5 ஏக்கர் வரை போகலாம். 200 வீடு, வீட்டுக்கு 2.5 பேர் என்றால் 500 பேர், ஒன்றரை ஏக்கர். ஏக்கர் 20 லட்சம் டாலர் என்று வைத்தால் 30 லட்சம். ஐம்பது மனைக்கு உட்பட்ட பிரிவினையில் நிலமாகக் கேட்க முடியாது, பணம் மட்டுமே. அந்தப் பணத்தை அன்றாடப் பராமரிப்புக்குத் தொடவும் கூடாது. ஐந்து ஆண்டு கெடுவுக்குள் எந்தப் பணிக்கென்று ஒதுக்காவிட்டால் மனை உரிமையாளர்களுக்கே திருப்பித் தர வேண்டிவரும். சின்ன நகரங்களில் இது மறந்துபோவது உண்டு.

2024-இல், கட்டுநர் கட்டணத்தை எதிர்த்து ஷீட்ஸ் என்பவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் அடைத்தது. கட்டணம் மன்றம் இயற்றிய அட்டவணைப்படி வந்தாலும், திட்டத்தின் தாக்கத்தோடு தொடர்பும் ஏறக்குறையப் பொருத்தமான அளவும் வேண்டும் என்ற சோதனையிலிருந்து அதற்கு விலக்கில்லை. பழைய ஆய்வறிக்கையை நம்பிக் கட்டணம் வசூலிக்கும் நகரம் வழக்குக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

மூத்தோர் குடியிருப்பு இடறும் இடம், கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று போடுவது. ஓர் அறை வீட்டில் சராசரியாக 1.2 பேர் என்று வைத்தால் அறுபது வீட்டுக்கு 72 பேர்தான். அட்டவணையோ 150 பேருக்கான தொகையைக் கேட்கும். ஆள் எண்ணிக்கைப்படி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முழு விலக்கு தருவது பார்க்க இரக்கமானது. ஆனால் அந்த ஓட்டையைப் பொது நிதியிலிருந்து நிரப்பாவிட்டால், அதே முதியவர்கள் நடக்கப் போகும் பூங்காவின் பங்குதான் குறையும்.

வரி உயர்வுப் பிடிப்பு, அதாவது டிஃப், வேறு மாதிரி. ஒரு வட்டாரத்தின் இன்றைய சொத்து மதிப்பை உறையவைத்து, இனி ஏறும் மதிப்புக்கான வரியை அங்கேயே செலவழிப்பது. போர்ட்லண்ட் இதில் ஒரு பங்கை மலிவு வீடுகளுக்கென்றே ஒதுக்கியது. 2006-இல் 30 சதவீதம், 2015-இல் 45. கலிஃபோர்னியாவின் மறுவளர்ச்சி முகமைகள் இதே வகை வரவில் 20 சதவீதம் ஒதுக்கக் கடமைப்பட்டிருந்தன. 2012-இல் மாநிலம் முகமைகளையே கலைத்தபோது அந்த ஊற்றும் வற்றியது. மதிப்பு ஏறினால்தான் பணம். ஏறும்போது நிலவிலையும் சேர்ந்து ஏறும். எனவே வட்டாரம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே நிலத்தை வாங்கிப்போடாத நகரத்துக்கு டிஃப் பெரிதாக உதவாது.

டாக்ஸ் கிரெடிட்டா, 202-ஆம் பிரிவா

குடியிருப்பின் பெரும்பணம் நகரத்திடமிருந்து வருவதே இல்லை. 1986-இல் வந்த குறைந்த வருமான வீட்டுவசதி டாக்ஸ் கிரெடிட்தான் முதுகெலும்பு: கூட்டாட்சி அரசு தரும் வரிக்கழிவு, அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முதலீட்டாளர் திட்டத்துக்குப் பணம் தருவார். தகுதியுள்ள கட்டுமானச் செலவு 2 கோடி டாலர் என்று கொள்வோம். 9 சதவீத வகையில் ஆண்டுக்கு 18 லட்சம், பத்து ஆண்டுக்கு 1.8 கோடி. முதலீட்டாளர் டாலருக்கு 85 சென்ட் தந்தால் கைக்கு 1.53 கோடி. 4 சதவீத வகையில் அதே கட்டடத்துக்கு 68 லட்சம்தான். இதில் 9-க்கு மாநில அளவில் கடும் போட்டி. 4 தனியார் திட்டங்களுக்கென்றே உள்ள தனி வகை வரிவிலக்குப் பத்திரத்தோடு ஒட்டிவருவது, 9-ஐவிடக் கிடைப்பது சுலபம், ஆனால் செலவுக்கும் வரவுக்கும் இடையிலான பள்ளம் பெரிது. நகரத்தின் பணம் நிரப்புவது அந்தப் பள்ளத்தைத்தான்.

நிரப்பும் விதத்திலும் நுட்பம் உண்டு. நகரம் பெரும்பாலும் அதை மானியமாகத் தராது, குறைந்த வட்டிக் கடனாகவே தரும். செலவுபோக மிஞ்சினால் மட்டும் திருப்பிக் கட்டலாம். காரணம் கருமித்தனம் அல்ல. கூட்டாட்சி அரசின் பணம் மானியமாக வந்தால் தகுதியுள்ள செலவுக் கணக்கு குறைந்து, அதோடு கிரெடிட்டும் குறையும். கிரெடிட்டின் விலையும் நிலையானதல்ல. நிறுவன வரி குறையப்போகிறது என்ற பேச்சு வந்ததுமே 2016 இறுதியில் விலை சரிந்தது. பல திட்டங்களில் புதுப் பள்ளம் விழுந்தது.

மறுபக்கம் 202-ஆம் பிரிவு. 1959-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து வருவது, 62 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மட்டும். லாப நோக்கற்ற அமைப்பு வழியாகக் கட்டுமான மூலதனம் கிடைக்கும். நாற்பது ஆண்டு குறைந்த வருமான மூத்தோருக்கே வைத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டாம். வாடகை உதவியும் சேர்ந்தே வரும்.

முதியவரின் கண்ணில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 202-இல் அவர் தருவது தன் சொந்த வருமானத்தில் 30 சதவீதம். டாக்ஸ் கிரெடிட் வீட்டில் வாடகையின் உச்சம் அவர் வருமானத்தைப் பார்ப்பதில்லை, வட்டாரத்தின் வருமான வரம்பைப் பார்க்கிறது. வரம்பு ஆண்டுக்கு 40,000 டாலர் என்றால் மாத வாடகை 1,000 வரை போகலாம். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமாக 1,500 வாங்குபவருக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. ஊரில் இளம் சம்பளக்காரர்கள் பெருகினால் வரம்பு ஏறும், வாடகையும் ஏறலாம், ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. மலிவு என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்திலிருந்து முதியவர்கள் வெளியேறுவது இப்படித்தான். நகரம் கடன் தரும்போதே வாடகை வவுச்சர், அதாவது அரசின் வாடகை உதவி, இணைந்த வீடுகள் இத்தனை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 202 எந்நாளும் மேல், தட்டுப்பாடுதான் குறை. 2012 தொடங்கிச் சில ஆண்டுகள் புதுக் கட்டடத்துக்கு அதில் பணமே ஒதுக்கப்படவில்லை.

ஒரே உண்டியல்: மாசசூசெட்ஸ்

மாசசூசெட்ஸின் 2000-ஆம் ஆண்டுச் சமுதாயப் பேணல் சட்டப்படி, ஊர் வாக்களித்தால் சொத்து வரியின் மேல் 3 சதவீதம் வரை மேல்வரி போடலாம். வரியின் மேல்தான், சொத்தின் மதிப்பின் மேல் அல்ல. 6,000 டாலர் வரி கட்டுபவருக்கு 1 சதவீதம் என்றால் 60 டாலர். மாநிலமும் தன் பங்கைச் சேர்க்கும். திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்குக்கு 10 சதவீதம், மலிவு வீட்டுக்கு 10, பழம்பெரும் கட்டடங்களுக்கு 10 என்று குறைந்தபட்சம் கட்டாயம். மீதியை ஊர் தீர்மானிக்கும். பாஸ்டன் 2016 நவம்பரில் 1 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டது. பூங்காவும் குடியிருப்பும் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்க நாங்கள் பார்த்ததில் இதுவே நல்ல ஏற்பாடு. ஆனால் இதிலும் பராமரிப்புக்குத் தடை.

நிலம் என்ற மறைமுக நிதி

நகரத்தின் சொந்த மனையை இலவசமாகத் தருவதே மலிவான உதவி. மனையின் உரிமை ஆவணத்தைப் படிக்காமல் அறிவிப்பது ஆபத்து. கூட்டாட்சி அரசின் நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதியில் ஒரு டாலர் வாங்கியிருந்தாலும் அந்தப் பூங்கா என்றென்றைக்கும் பொதுப் பொழுதுபோக்குக்கே. வேறு பயனுக்கு மாற்ற, குறைந்தது அதே சந்தை மதிப்புள்ள மாற்று நிலமும் தேசியப் பூங்காச் சேவையின் ஒப்புதலும் வேண்டும். நியூயார்க்கில் பூங்காவாக அர்ப்பணித்த நிலத்துக்கு மாநிலச் சட்டமன்றமே இசைய வேண்டும்.

அர்ப்பணிக்காத நிலத்திலும் சண்டை ஓய்வதில்லை. மன்ஹாட்டனின் எலிசபெத் தெருத் தோட்டத்தில் மூத்தோருக்கு 123 வீடு கட்ட 2019-இல் நகர மன்றம் ஒப்புக்கொண்டது. 2024-இல் மாநிலத்தின் உச்ச முறையீட்டு நீதிமன்றமும் நகரத்தின் பக்கம் நின்றது. 2025 ஜூனில் நகர நிர்வாகமே திட்டத்தைக் கைவிட்டு, வேறு இடங்களில் வீடு கட்டுவதாகச் சொன்னது. அத்தனை ஆண்டும் அந்த மனையில் ஒரு வீடுகூட எழவில்லை.

ஆகவே மனையின் பெயரை வெளியே சொல்லும் முன் மூன்று காகிதம் மேசையில் இருக்கட்டும்: உரிமை வரலாற்று ஆய்வு, பழைய மானிய ஒப்பந்தங்களின் நகல், மாநில அலுவலகத்தில் உள்ள பூங்கா எல்லை வரைபடம். மூன்றாவதுதான் கிடைக்கத் தாமதமாகும். முதலில் அதற்கு எழுதிப்போடுங்கள்.