கணவர் வேறு மாநிலமா? 'மூன்றே மாதத்தில் டைவர்ஸ்' என்றால் நம்பாதீர்கள்

கணவர் புனேயில், நான் திருச்சியில். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்ததும் புனேயில்தான். அவர் விவாகரத்துக்குச் சம்மதிக்கவில்லை. இதே நிலையில் இருக்கும் பெண்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நான் போன வக்கீல், "நியாயப்படி புனேயிலதான் கேஸ் போடணும். இங்க போட சுப்ரீம் கோர்ட்ல தனி அனுமதி வாங்கணும்மா" என்று சொல்லி, அதற்கென்றே ஒரு பெரிய தொகையைக் கறந்தார். சுத்தப் பொய். இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவில் 2003-லேயே திருத்தம் வந்துவிட்டது. மனு போடுவது மனைவி என்றால் அவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் கணவர்தான் உச்ச நீதிமன்றம் போக வேண்டும்.

அடுத்தது இதைவிட மோசம். ஒருவர் மறுத்தால் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வழியில்லை. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது என்று ஏதாவது காரணத்தை நிரூபிக்க வேண்டும். அது இழுக்கும். அதனால் 'மூன்றே மாதத்தில் டைவர்ஸ்' என்று சொன்ன வக்கீல், கணவருக்குத் தெரியாமலே முடிக்கப் பார்த்திருக்கிறார்! பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் குமாஸ்தா மளமளவென்று கையெழுத்து வாங்கினார், படிக்க விடவில்லை. மனுவில் இருந்தது நாங்கள் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டு முகவரி. இப்போதைய முகவரியை நான் வக்கீலுக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. சம்மன் திரும்பி வந்தது. அப்புறம் சம்மனுக்குப் பதிலாகப் பேப்பர் விளம்பரம்: புனேயில் இருப்பவருக்குத் திருச்சிப் பதிப்பில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே. எதிர்த் தரப்பு ஆஜராகாததால் தரும் 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பும் வந்தது. வக்கீல் ஸ்வீட் பாக்ஸ் கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் கணவர், சம்மன் தனக்கு வரவே இல்லை என்று மனு போட்டார். தீர்ப்பு ரத்து. வழக்கு மறுபடி முதலிலிருந்து. நடுவில் நான் வேறு கல்யாணம் செய்திருந்தால் என் கதி என்ன?

வழக்குப் போட்டவுடன் சி.என்.ஆர். எண்ணை, அதாவது உங்கள் வழக்குக்கென்று தரப்படும் தனி அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். 16 இலக்கம் இருக்கும். அதைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா, சம்மன் நிலவரம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைத் தரத் தயங்கும் வக்கீல் வேண்டவே வேண்டாம்.

இப்போது வேறு வக்கீல் வைத்திருக்கிறேன். பழையவரிடம் கேஸ் கட்டைக் கேட்டால், "பாக்கி ஃபீஸைத் தீர்த்துட்டு எடுத்துக்கோம்மா" என்கிறார். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலையும் வைத்து பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன்.